வராத நோய்க்கு நன்றி சொல்வார் யார்?



விழா மலர் ஒன்று கைக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது பெயர்களைத்தான். கோபுரம் எழுப்பியவர், மணி வாங்கித் தந்தவர், பள்ளிக்கூடத்திற்கு நிலம் எழுதி வைத்தவர் என்று நன்றிக்குரியோரின் பெயர்கள் கல்லிலும் காகிதத்திலும் பொறிக்கப்படுகின்றன. அது முறையே. கண்ணால் காணும் நன்மைக்கு நன்றி கூறுதல் எளிது. மருத்துவர்கள் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காத்த டாக்டரை அக்குடும்பம் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும். பிள்ளைக்கு அவர் பெயரை இடுவதும் உண்டு. ஆனால் ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் காலரா வராமல் தடுத்தவரை யார் நினைக்கிறார்கள்? பத்துத் தொழுநோயாளர் குணமடைந்த நிகழ்ச்சியில் நன்றி கூறத் திரும்பி வந்தவன் ஒருவனே என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். பொதுச் சுகாதாரத் துறையில் பாடுபடுகிறவர்களுக்கு அந்த ஒருவனும் இல்லை. இங்கே காப்பாற்றப்பட்டவனுக்குத் தான் காப்பாற்றப்பட்ட செய்தியே தெரியாதே!

ஆகவே, இத்துறையில் பட்டம் பெற்று, வாழ்நாளெல்லாம் உழைத்து, பிற்காலத்தில் நாடும் உலகமும் பாராட்டி விருதளித்த சிலரைப் பற்றி இம்மலரில் எழுத விரும்பினேன். அவர்களுள் இருவர் நம் வேலூரில் மருத்துவம் பயின்றவர்கள். அவர்கள் கதையே இக்கட்டுரையின் பெரும் பகுதி.

பொதுச் சுகாதாரம் என்பது தனியாகக் கற்க வேண்டிய ஒரு படிப்பு என்ற எண்ணம் மிகப் பழமையானதன்று. ராக்பெல்லர் அறநிறுவனத்தின் பொருளுதவியுடன் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1916-ஆம் ஆண்டு இதற்கென ஒரு கல்விக்கூடத்தை நிறுவியது. படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளியை மட்டும் பாராமல், ஓர் ஊரையே நோயாளியாகக் கொண்டு நாடி பார்க்கக் கற்பிக்கும் இடம் அது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழந்தைகள் எந்த வயதில் இறக்கின்றன, எத்தெருவில் நோய் தொடங்கியது என்பனவே அங்குப் பாடம். இத்தகைய வேலைக்கு வெளியுலகம் மாலை போடப் போவதில்லை என்பதை அறிந்தோ என்னவோ, அங்குள்ளவர்கள் 1924-லேயே டெல்டா ஒமேகா என்னும் கௌரவச் சங்கமொன்றைத் தொடங்கித் தம் துறையில் சிறந்த மாணவர்களையும் பழைய மாணவர்களையும் தாமே பெருமைப்படுத்தத் தொடங்கினர். நம் நாட்டில், அதே ராக்பெல்லர் உதவியுடன், கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொதுநலக் கழகம் 1932-இல் திறக்கப்பட்டது. சென்னை மாகாணமோ 1939-லேயே பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டம் கண்டது. நாட்டிலேயே அது முதலாவது என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

பால்டிமோரில் 1960-இல் பட்டம் பெற்றவர் டாக்டர் டி. ஏ. ஹெண்டர்சன். உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணிக்குப் பத்தாண்டுக் காலத்திற்கு மேல் தலைமை தாங்கினார். ஹார்வர்டில் 1965-இல் பட்டம் பெற்ற டாக்டர் வில்லியம் ஃபேஜி, நைஜீரியாவில் லுத்தரன் மிஷன் மருத்துவராக இருந்தவர். அங்கே 1966-இல் அம்மைப்பால் போதாத நிலையில், எல்லோருக்கும் குத்துவதை விடுத்து, நோய் கண்ட வீட்டைச் சுற்றி உள்ளவர்களுக்கு மட்டும் குத்தி நோயை முடக்கும் வழியைக் கண்டார். ஹெண்டர்சனுக்கு 2002-இலும் ஃபேஜிக்கு 2012-இலும் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அளிக்கப்பட்டது. தகுதியான கைகளுக்கே அது போய்ச் சேர்ந்தது. ஆயினும் ஃபேஜி தாமே சொல்லி வந்த ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறாமலிருக்க முடியவில்லை. 1974-இல் பீகாரில் பெரியம்மை பேயாட்டம் ஆடியது. புதிய முறையைக் கைவிட்டுப் பழையபடி ஊர் முழுவதற்கும் அம்மை குத்துங்கள் என்று மாநில அமைச்சர் பிடிவாதமாகச் சொன்னார். அக்கூட்டத்தில் எழுந்து நின்றார் ஓர் இளம் இந்திய டாக்டர். எங்கள் ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் எரிகிற வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டிலும் ஊற்ற மாட்டோம் என்ற பொருளில் பேசினார். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். மறு ஆண்டு, 1975 மே மாதத்துடன், இந்திய மண்ணில் பெரியம்மை முடிந்தது. பதக்கம் பெற்றவர் பெயர் நமக்குத் தெரிகிறது. எழுந்து நின்றவர் பெயர் அக்கதையில் இல்லை.

மற்றொருவர் கண் மருத்துவர் ஆல்பிரட் சாமர். இவரும் பால்டிமோரில் 1973-இல் சுகாதாரப் பட்டம் பெற்றவரே. இந்தோனேசியாவில் மாலைக்கண் நோயுள்ள குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவர்கள் பார்வை இழப்பதுடன், மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் அதிகமாக இறக்கவும் செய்கிறார்கள் என்று கண்டார். வைட்டமின் ஏ கொடுத்தால் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 1986-இல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. இவ்வளவு மலிவான மருந்துக்கு இவ்வளவு பலனா என்ற ஐயம்! அந்த ஐயத்தைப் போக்கிய சோதனைகளுள் ஒன்று நம் திருச்சி மாவட்டக் கிராமங்களில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் சுமார் 15,000 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே சாவு 54 விழுக்காடு குறைந்திருந்தது. இம்முடிவு 1990-இல் வெளியாயிற்று. சாமருக்கு 1997-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்தை ஊட்டிய பெண்களை அன்றைய திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் இன்று யாரும் நினைவு வைத்திருக்கக்கூடும். அதைவிடப் பெரிய விருது அவர்களுக்கு இல்லை.

இனி வேலூருக்கு வருவோம்.

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியில், அது கல்லூரியான பிறகு, 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அங்கே ஐம்பதுகளில் ஒன்றாகப் படித்தவர்கள் ரஜனிகாந்த் அரோலேயும் மேபல் இம்மானுவேலும். ராஜ் என்று அழைக்கப்பட்ட ரஜனிகாந்த், மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் மாவட்டத்தில் ஆசிரியர் குடும்பத்தில் 1934-இல் பிறந்தவர். மேபல் 1935-இல் ஜபல்பூரில் பிறந்தவர். தந்தையார் வேதசாஸ்திரக் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர். 1960-இல் திருமணம் நடந்தது. நாட்டுப்புற ஏழைகளுக்கே தங்கள் வாழ்வு என்று மணநாளிலேயே இருவரும் உறுதி செய்துகொண்டனர். இவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதனால் என்ன? நல்ல சமாரியனும் எருசலேம் ஆலயத்துக்குப் போகிறவன் அல்லன்.

முதலில் வடாலா என்னுமிடத்து மிஷன் மருத்துவமனையில் 1962 முதல் நான்காண்டுகள் வேலை பார்த்தார்கள். வெளியே நாள்தோறும் பெருங்கூட்டம். இரவு பகல் பாராது உழைத்தார்கள். ஆனால் குணமாகிப் போன பிள்ளை அடுத்த மழைக்காலத்தில் அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தது. மற்றொரு பிள்ளை வரவேயில்லை. விசாரித்தால் இறந்து விட்டதாம். வந்த நோய்களில் பெரும்பாலானவை வராமலே தடுத்திருக்கக் கூடியவை என்பது அவர்களுக்கு உறைத்தது. மருத்துவமனை எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் அதன் நன்மை வாசற்படியோடு நின்று விடுகிறது! நாட்டுப்புறப் பணிக்கென வேலூர்க் கல்லூரி தன் பழைய மாணவர்களுக்கு அளிக்கும் பால் ஹாரிசன் விருது ராஜுக்குக் கிடைத்தது. விருதைப் பெற்றவர் அத்துடன் திருப்தி அடையவில்லை. தாம் செய்வது போதாது என்று அறிந்து, மீண்டும் மாணவராகப் போனார்.

இருவரும் அமெரிக்கா சென்று மருத்துவத்திலும் அறுவை சிகிச்சையிலும் மேற்பயிற்சி பெற்றபின், பால்டிமோரில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் படித்தார்கள். அங்கு அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்தவர் டாக்டர் கார்ல் டெய்லர். இமயமலைச் சாரலில் முசௌரிக்கு அருகே மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, பஞ்சாபில் கிராமச் சுகாதார ஆராய்ச்சி நடத்திய டெய்லருக்கு நம் கிராமங்கள் புத்தகத்தில் படித்தவை அல்ல. தங்கள் திட்டத்தை அவரோடு கலந்து வகுத்துக்கொண்டு 1970-இல் நாடு திரும்பினர்.

பட்டம் பெற்று வந்தவர்கள் பம்பாயிலோ பூனாவிலோ பதவி ஏற்றிருக்கலாம். ஜாம்கேட் என்னும் வறண்ட ஊருக்குப் போனார்கள். கால்நடை மருந்தகமாக இருந்து கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தில் வேலை தொடங்கியது. போன சில மாதங்களில் மகாராஷ்டிரத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. மருந்து கேட்பார் இல்லை; சோறும் தண்ணீரும் கேட்டார்கள். பட்டப்படிப்பில் கற்றது இங்குதான் பயன்பட்டது எனலாம். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் சமையற்கூடங்களை ஊரார் கையாலேயே நடத்தச் செய்தார்கள். ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். கிணறு எங்கே தோண்டுவது? தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருப்பில் தோண்டச் செய்தார்கள். தண்ணீர் வேண்டுமானால் மேல்தெருக்காரர்கள் கீழ்த்தெருவுக்குக் குடம் எடுத்து வந்தாக வேண்டும். தீண்டாமை பற்றிப் பிரசங்கம் ஏதும் செய்யாமல், குழாய் நிற்கும் இடத்தை வைத்தே காரியத்தைச் சாதித்த இந்தச் சாமர்த்தியம் எந்தப் பட்டத்திலும் சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை.

அடுத்ததாகக் கிராமங்களுக்குப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியரை அனுப்பினர். அது பலிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம் பெண்களை ஊர் ஏற்கவில்லை. அவர்களும் அங்கே தங்க அஞ்சினர். அப்போது, எங்கள் ஊர்ப் பெண்களிலேயே ஒருத்தியைப் பழக்குங்கள் என்ற யோசனை கிராமத்திலிருந்தே வந்தது. அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கணவனால் கைவிடப்பட்டவர்கள் இருந்தனர், விதவைகளும் இருந்தனர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து இரவு தங்கிப் பாடம் கேட்டார்கள். ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாக உண்டு ஒரே அறையில் படுத்தார்கள். சாதி வேறுபட்ட பெண்களுக்கு முதல் பாடமே அதுதான். அது மிகக் கடினமான பாடமாகவும் இருந்தது.

அவர்கள் கற்றவை பெரிய வித்தைகள் அல்ல. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த நீர் கொடுக்க வேண்டும். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி சோப்பிட்டுக் கை கழுவிச் சுத்தமான பிளேடால் கொடி அறுத்தால் ரண ஜன்னி வராது. கர்ப்பிணி குறைவாக உண்டால் பிரசவம் எளிதாகும் என்ற நம்பிக்கை தவறு. மாதந்தோறும் குழந்தையை நிறுத்துப் பார்க்க வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழுநோயாளருக்குத் தனி வாசல், தனி நாள் என்று வைக்காமல் மற்றவர்களோடு ஒன்றாகவே ஜாம்கேட்டில் மருந்து தரப்பட்டது. இவ்வளவே. இந்தப் பெண்கள் இவற்றை வீடு வீடாகக் கொண்டு போனார்கள். 1971-இல் அக்கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்து கொண்டிருந்தன. ஐந்தே ஆண்டுகளில், 1976-இல், அது 52 ஆகக் குறைந்தது. இக்கணக்கைச் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு 124 தொட்டில்கள் வெறுமையாகாமல் நின்றன. எந்தத் தாயின் பிள்ளை அந்த 124-இல் ஒன்று என்று எவராலும் சுட்டிக் காட்ட முடியாது.

படித்த டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்தறியாத பெண்ணின் கையில் மருந்துப் பையைக் கொடுப்பதா என்று கேட்டார்கள். கேள்வி முற்றிலும் தவறன்று என்பதே என் எண்ணம். மருந்து விளையாட்டுப் பொருள் அன்று. ஆனால் அரோலே தம்பதியர் அந்தப் பெண்களை டாக்டர்களாக்க முயலவில்லை. டாக்டர் தேவைப்படாத அளவுக்கு ஊரை வைத்திருக்கவும், தேவைப்படும்போது காலம் தாழ்த்தாமல் அனுப்பவும் பழக்கினார்கள். கடினமான நோய்க்கு ஜாம்கேட்டில் மருத்துவமனை இருந்தது. ராஜ் அங்கே கத்தி பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

செய்தி வெளியே பரவிற்று. உலக சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட, மக்களாலேயே நடத்தப்படும் சுகாதாரம் பற்றிய நூலில் ஜாம்கேட்டைக் குறித்து இவர்கள் எழுதிய பகுதி இடம் பெற்றது. 1978-இல் சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரம்பச் சுகாதாரப் பணியே எல்லா நாடுகளுக்கும் வழி என்று அறிவித்தது. அதற்கு முன்மாதிரியாகக் கருதப்பட்ட இடங்களில் ஜாம்கேட்டும் ஒன்று. 1979-இல் ஆசியாவின் உயரிய விருதாகிய ரமோன் மகசேசே விருது இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. கணவனுக்குப் பரிசு, மனைவிக்கு மேடையில் நாற்காலி என்று முடித்து விடாமல், இருவர் பெயரையும் சமமாக எழுதியது போற்றத்தக்கது. 1990-இல் நம் அரசு இருவருக்கும் பத்ம பூஷண் அளித்தது.

இவ்விருதுகளை எல்லாம் விட என் நெஞ்சைத் தொட்டது 1988-இல் வாஷிங்டன் நகரில் நடந்தது. சர்வதேச சுகாதார மாநாடு ஒன்றில் பேச ஜாம்கேட்டிலிருந்து முக்தாபாய் போல் என்னும் கிராம சுகாதார ஊழியர் அழைக்கப்பட்டிருந்தார். பேரறிஞர்கள் நிறைந்த மண்டபம். கூரையில் தொங்கிய அலங்கார விளக்குகளைக் காட்டி அவர் மராத்தியில் பேசினார். இவை அழகானவை, விலையுயர்ந்தவை, எட்டாத உயரத்தில் தொங்குகின்றன, டாக்டர்களும் இப்படித்தான் என்றார். பிறகு தம் பையிலிருந்து இரண்டு சிறு அகல் விளக்குகளை எடுத்தார். ஒன்றை ஏற்றி, அதிலிருந்து மற்றதை ஏற்றிக் காட்டினார். மேலே தொங்கும் விளக்கால் இது முடியாது, நாங்கள் இந்தச் சிறு விளக்குகள் என்ற பொருளில் சொல்லி அமர்ந்தார். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. அரோலே தம்பதியரின் பட்டத்திற்குக் கிடைத்த உண்மையான பாராட்டு அந்தக் கைதட்டல்தான் என்பேன். கைதட்டல் அவர்களுக்குக் கிடைக்காமல் அவர்களிடம் கற்றவளுக்குக் கிடைத்தது என்பதாலேயே அப்படிச் சொல்கிறேன்.

அரசும் இவ்வழியைப் பின்பற்ற முயன்றதுண்டு. 1977 அக்டோபர் 2-ஆம் நாள், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், மாதம் 50 ரூபாய் மதிப்பூதியத்துடன் சமுதாய சுகாதார ஊழியர் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அது ஜாம்கேட்டைப் போல் வேர் பிடிக்கவில்லை. பெரும்பாலும் ஆண்களையே நியமித்தார்கள். தொட்டிலருகே ஆணுக்கு என்ன வேலை? ஜாம்கேட்டில் வாரந்தோறும் தொடர்ந்த பயிற்சியும் துணையும் அங்கே இல்லை. 2005-இல் தொடங்கிய தேசிய கிராமப்புறச் சுகாதார இயக்கம், ஆஷா என்னும் பெயரில் ஊருக்கு ஒரு பெண்ணை, அந்த ஊர்ப் பெண்ணையே, நியமித்தது. நம் தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் வெகு காலமாகவே இருந்து வந்ததால் ஆஷா இங்கு அதிகம் பரவவில்லை. மலைவாழ் மக்கள் பகுதிகளில்தான் காணலாம். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் கூட்டாக உலக சுகாதாரத் தலைவர்கள் விருதை அளித்தது. அவர்களில் பலர் அப்போதும் ஊதிய உயர்வு கேட்டுத் தெருவில் நின்று கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லித்தானாக வேண்டும். பொன்னாடை போர்த்தினால் அடுப்பு எரிந்து விடுமா?

மேபல் அம்மையார் 1999 செப்டம்பரில் காலமானார். ராஜ் 2011 மே மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். பெற்றோர் பணியை அவர்கள் பிள்ளைகள் இருவரும் ஏற்று நடத்தலானார்கள். ஜாம்கேட்டில் பல நாட்டு டாக்டர்களும் செவிலியரும் வந்து தங்கிக் கற்கும் பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. பட்டங்களோடு வந்து உட்காரும் அந்த மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களில், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கிராமத்துப் பெண்களும் இருந்து வந்திருக்கிறார்கள்.